ஸ்டீல்ஹெட், சால்மனுக்கு ஃப்ளை தேர்வு: முதலில் தண்ணீர், அப்புறம் பெட்டி

ஃப்ளை என்பது தூண்டில் முள்ளில் இறகும் மயிரும் கட்டிய போலி இரை. கடைப் பலகையில் வரிசையாகக் குத்தி வைத்திருக்கும் ஃப்ளைகளில் முதலில் கண்ணை இழுப்பது நிறம். ஆற்றில் அதைக் கடைசியாகப் பார்த்தால் போதும். முதல் கேள்வி, ஃப்ளை எந்த ஆழத்தில் எந்த வேகத்தில் போக வேண்டும் என்பது. அடுத்தது அளவு, உருவம். இவை சரியாக அமைந்துவிட்டால் நிறம் கொஞ்சம் முன்பின் ஆனாலும் மீன் எடுக்கும். ஆழம் தப்பிவிட்டால் எந்த நிறமும் எடுபடாது.

இந்த மீன்கள் கடலிலிருந்து ஆறேறி வருவது முட்டையிட. ஆற்றுக்குள் நுழைந்ததும் சால்மன் இரையெடுப்பதை நிறுத்திவிடும். ஸ்டீல்ஹெட்டும் வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். சினூக், கோஹோ, சாக்ஐ, சம், பிங்க் ஆகிய ஐந்து பசிபிக் சால்மன்களும் முட்டையிட்டதும் செத்துப்போகும். ஸ்டீல்ஹெட் என்பது கடலுக்குப் போய்வரும் ரெயின்போ ட்ரவுட்; அதிலும் அட்லாண்டிக் சால்மனிலும் ஒரு பகுதி பிழைத்துக் கடலுக்குத் திரும்பும். பசியில்லாத மீன் ஏன் வாயைத் திறக்கிறது? எரிச்சல், ஆர்வம், பழைய பழக்கம், இவற்றில் ஏதோ ஒன்று. அதனால் பூச்சியை அச்சாக நகலெடுக்கும் ட்ரவுட் பாடம் இங்கே பாதிதான் உதவும். மீனின் கண்ணில் பட வேண்டும், அசைந்தபடி வர வேண்டும், கவனிக்க அதற்கு நேரம் கொடுக்க வேண்டும்.

ஆற்றில் இறங்கியதும் பார்க்க வேண்டியவை

முதலில் தண்ணீருக்குள் தெர்மாமீட்டர். 4 அல்லது 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே என்றால் மீன் தான் நிற்கும் இடத்தைவிட்டு அதிகம் நகராது. ஃப்ளை தரைக்குப் பக்கத்தில், மெதுவாக, ஏறக்குறைய அதன் மூக்குக்கு முன்னால் போக வேண்டும். 7 முதல் 13 டிகிரி நல்ல வரம்பு. துரத்தி வந்து எடுக்கும். 10 டிகிரியைத் தாண்டினால் கோடை ஸ்டீல்ஹெட்டும் அட்லாண்டிக் சால்மனும் மேற்பரப்புக்கே எழும்பி வரும். 20 டிகிரியைத் தொட்டால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. போராடிக் களைத்த மீனைக் கவனமாகவே விட்டாலும் அது பிழைப்பது சந்தேகம். குளிர்காலத்தில் இன்னொன்றும் உண்டு: காலையில் 3 டிகிரி இருந்த தண்ணீர் பிற்பகலில் 4 ஆனால் அந்த ஒரு டிகிரி ஏற்றமே மீனை அசைக்கும். விடியலிலேயே போய் நடுங்க வேண்டிய அவசியமில்லை.

அடுத்து, கலங்கல் எவ்வளவு? முழங்கால் ஆழத்தில் நின்று உங்கள் பூட்ஸ் நுனியைப் பாருங்கள். அங்கேயே தெரியவில்லையென்றால் பார்வைத் தூரம் அரை மீட்டருக்கும் குறைவு. இடுப்பளவில் நின்றும் மங்கலாகத் தெரிந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர். மரகதப் பச்சை படிந்து ஒரு மீட்டர்வரை தெரியும் தண்ணீர்தான் குளிர்கால ஸ்டீல்ஹெட்டுக்கு ஆகச் சிறந்தது. மழை வெள்ளம் வடியத் தொடங்கி, பழுப்பு பச்சையாக மாறும் அந்த ஓரிரு நாள்களைத் தவறவிடாதீர்கள்.

மூன்றாவது, இழுப்பு. ஆள் நடக்கும் வேகத்தில் ஓடும், ஒன்று முதல் இரண்டு மீட்டர் ஆழமுள்ள, அடியில் கூடைப்பந்து அளவுக் கற்கள் கிடக்கும் இடம் ஸ்டீல்ஹெட் தங்குமிடம். ஃப்ளையும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஆற்றைக் குறுக்கே கடக்க வேண்டும்.

எடை லைனிலா, ஃப்ளையிலா?

ஆழத்துக்குக் கொண்டுபோக இரண்டு வழி. ஒன்று, லைனின் முனையில் மூழ்கும் துண்டு, அதாவது சிங்க் டிப். மற்றது, ஃப்ளையிலேயே ஈயத்துக்குப் பதிலான டங்ஸ்டன் அல்லது பித்தளைக் கண். சிங்க் டிப்பில் டி-8, டி-11, டி-14 என்று எழுதியிருப்பது ஓர் அடிக்கு எத்தனை கிரெயின் (பழைய சிறு எடை அலகு) என்ற கணக்கு. டி-14 பத்து அடி என்றால் 140 கிரெயின்; அது வேகமாக மூழ்கும். டி-8 மெல்ல இறங்கும்.

பாறை கிடக்கும் குறுகிய ஓட்டத்தில் குட்டையான டிப், கனமான ஃப்ளை. நீளமாகச் சீராக ஓடும் மடுவில் நீளமான டிப், எடையில்லாத ஃப்ளை. அங்கே எடையில்லாத இறகுதான் நன்றாக உயிர்பெற்று ஆடும். மடு முடிந்து தண்ணீர் மெலியும் வால்பகுதியில் டி-8கூட அதிகம். ஒவ்வொரு வீச்சிலும் கல்லில் தட்டிச் சிக்கினால் எடை அதிகம் என்று அர்த்தம். அப்போது ஃப்ளையை அவிழ்த்து மாற்றுவதைவிட டிப்பை மாற்றுவது வேலை குறைவு. எப்போதாவது ஒருமுறை கல் உரசினால் சரியான மட்டத்தில் இருக்கிறது.

புதிதாக வருபவர்கள் அடிக்கடி செய்யும் தவறு லீடர் நீளம். லீடர் என்பது லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டும் மெல்லிய நரம்பு. சிங்க் டிப்புக்குப் பின்னால் 9 அடி லீடர் கட்டினால் டிப் கீழே போகும், எடையில்லாத ஃப்ளை மேலேயே மிதந்துகொண்டு வரும். 3 முதல் 4 அடி போதும். மிதக்கும் லைனுக்குத்தான் 10, 12 அடி வேண்டும்.

வீச்சுக் கோணமும் எடை போலத்தான் வேலை செய்யும். நேர் குறுக்கே வீசி, லைனை மேல்நீரோட்டப் பக்கம் ஒருமுறை புரட்டிப் போட்டால் ஃப்ளைக்கு மூழ்க நேரம் கிடைக்கும். கீழ்நீரோட்டப் பக்கம் 45 டிகிரி சாய்வாக வீசினால் லைன் உடனே இறுகி, ஆழம் குறைந்து, நிதானமாக வளைந்து வரும். வளைவு முடிந்ததும் இரண்டு மூன்று அடி கீழே நகர்ந்து அடுத்த வீச்சு.

அளவு, உருவம், இறகு

தூண்டில் முள்ளின் எண்கள் குழப்பக்கூடியவை. எண் ஏற ஏற முள் சிறுக்கும்: 8 சிறியது, 2 பெரியது. 1-ஐத் தாண்டி 1/0, 2/0 என்று போனால் திரும்பவும் பெரிதாகும்.

பார்வைத் தூரம் அரை மீட்டருக்குக் கீழே இருந்தால் 7 முதல் 10 செ.மீ. நீளமுள்ள, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும் ஃப்ளை. ஒரு மீட்டர்வரை 5 முதல் 7 செ.மீ. அதற்கு மேல் தெளிந்தால் 3, 4 செ.மீ., முள் 4 முதல் 8. கோடை கடைசியில் ஆறு வற்றிக் கண்ணாடியாக ஓடும்போது 8, 10 எண் முள்ளில் நாலே மயிர் வைத்துக் கட்டியதுதான் எடுபடும். அட்லாண்டிக் சால்மனுக்கும் இதே போக்கு: பனிக்காலக் குளிரில் ஐந்து ஆறு செ.மீ. டியூப் ஃப்ளை (சிறு குழாயில் கட்டியது), வெப்பம் ஏற ஏற 6, 8 எண் முள், கடைசியில் 12.

எதில் கட்டியிருக்கிறார்கள் என்பது அளவைவிட முக்கியம் என்று சொல்லலாம். மராபூ என்ற பஞ்சு போன்ற இறகு மெதுவான தண்ணீரில் மூச்சுவிடுவது போல விரிந்து சுருங்கும். அதையே வேகமான ஓட்டத்தில் போட்டால் முள்ளோடு ஒட்டிக்கொண்டு ஈரத் திரி மாதிரி வரும். வேக ஓட்டத்துக்கு விறைப்பான மான்வால் மயிர், அல்லது மராபூவுக்குப் பின்னால் உருட்டி வைத்த டப்பிங் (நூலில் திரித்த மயிர்) பந்து. பந்து இறகைத் தூக்கிப் பிடிக்கும். நெருப்புக்கோழி இறகு இரண்டுக்கும் நடுவே. முயல் தோல் பட்டை அற்புதமாக நெளியும், ஆனால் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். இரண்டு மணி நேரம் வீசினால் தோள்பட்டை சொல்லும். அந்தப் பட்டை முள்ளில் சுற்றிக்கொள்ளும் தொல்லைக்கு, வாலுக்கு அடியில் தடித்த நைலானில் சிறு வளையம் கட்டித் தாங்கிவிட்டால் போதும்.

வாங்கிய ஃப்ளையை வீசுவதற்கு முன் கரையோரத் தண்ணீரில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். நேராக நீந்துகிறதா, பக்கவாட்டில் சாய்கிறதா, பம்பரமாய்ச் சுழல்கிறதா? சுழல்வது உலோகக் கண்ணை ஒருபக்கமாகக் கட்டியதால், அல்லது சிறகு ஒருபுறம் கனத்ததால். அதையே வீசிக்கொண்டிருந்தால் கால்மணி நேரத்தில் லீடர் முறுக்கிக்கொள்ளும். இந்தச் சோதனைக்குப் பத்து வினாடிகூட ஆகாது. பெரும்பாலானோர் செய்வதில்லை.

நிறம்

அடியில் நிற்கும் மீன் மேலே பார்க்கும்போது வெளிச்சமான வானத்தின் முன்னால் ஃப்ளையின் நிழலுருவம்தான் முதலில் தெரிகிறது. கறுப்பு, கருநீலம், ஊதா ஆகியவை எப்போதும் கைகொடுப்பது அதனால்தான். அதிகாலை, அந்தி, கலங்கல் மூன்றுக்கும் இவைதான்.

தண்ணீரின் சாயத்தைப் பொறுத்து மற்றவை. காட்டிலும் சதுப்பிலும் ஊறிவரும் தேநீர்நிறத் தண்ணீர் நீல ஒளியை முதலில் விழுங்கிவிடும். அங்கே ஆரஞ்சு, தங்கம், செம்பு நிறங்கள் துலங்கும். ஸ்காட்லாந்து ஆறுகளில் ஆரஞ்சு நிற அல்லிஸ் ஷ்ரிம்ப் பேர்போனது காரணமில்லாமல் இல்லை. பனிப்பாறை உருகிவரும் சாம்பல்பச்சை நீரில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஸ்கீனா படுகையில் கிடைப்பது போன்ற தண்ணீரில், கறுப்பும் நீலமும், கொஞ்சம் ஃபுளோரசன்ட் இளஞ்சிவப்பும். தெளிந்த குளிர்நீருக்கு இவ்வளவு கூச்சல் வேண்டாம்.

‘பளிச்சென்ற நாளுக்குப் பளிச் ஃப்ளை, மங்கிய நாளுக்கு மங்கிய ஃப்ளை’ என்று ஒரு பழைய விதி உண்டு. பாதி நாள் பலிக்கும். ஆனால் வெயில் சுட்டெரிக்கும் தெளிந்த வற்றல் நீரில் பளபளப்பு மீனை விரட்டும். அங்கே சிறிதாய், பழுப்பாய், அடக்கமாய்.

கிரீன் பட் ஸ்கங்க் என்ற பழைய ஸ்டீல்ஹெட் ஃப்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு உடல், அதன்மேல் வெள்ளிச் சரிகைச் சுற்று, கறுப்புக் கழுத்திறகு, வெள்ளைச் சிறகு, சிவப்பு வால், பின்புறத்தில் ஒளிரும் பச்சை ஒரு வளையம். கறுப்பு உருவம் கொடுக்கிறது. பச்சைப் புள்ளி குறிவைக்க இடம் கொடுக்கிறது. வெள்ளைச் சிறகு மீனுக்காக என்பதைவிட, ஃப்ளை எங்கே போகிறது என்று பிடிப்பவர் கண்ணுக்குத் தெரிவதற்கு. பல நிறங்களைக் கொட்டாமல் ஓர் இருள், ஓர் ஒளிப்புள்ளி என்று அமைந்த எந்த ஃப்ளையும் இதே வேலையைச் செய்யும். விக்டோரியா காலத்து ஜாக் ஸ்காட் போல இருபது விதச் சிறகு வைத்துக் கட்டிய சால்மன் ஃப்ளைகள் இன்று ஆற்றைவிடக் கண்ணாடிச் சட்டத்துக்குள்தான் அதிகம் இருக்கின்றன. பார்க்க அழகு, மீனுக்கு அத்தனை தேவையில்லை.

மீனுக்கு மீன்

கோஹோ சண்டைக்காரன். ஓட்டம் அடங்கிய ஓரத் தண்ணீரில் கூட்டமாக நிற்கும், வெட்டி வெட்டி இழுத்தால் துரத்தும். இளஞ்சிவப்பு, மஞ்சள்பச்சை, முள் 1 முதல் 4, தலைகனத்த கிளௌசர் மின்னோ வகை. அலாஸ்காவில் மான்மயிரில் கட்டிய இளஞ்சிவப்பு பொல்லிவாக்கை மேற்பரப்பில் இழுத்தே பிடிக்கிறார்கள்.

சினூக் ஆழத்தை விட்டு அசையாது. 7, 8 செ.மீ., மஞ்சள்பச்சையும் நீலமும், டி-14, 20 பவுண்டு தாங்கும் டிப்பெட் (லீடரின் கடைசித் துண்டு). கழிமுகத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஏறிய மீனுக்கு காமெட், பாஸ் போன்ற மணிக்கண் ஃப்ளைகள் போதும். பிங்க் சால்மனுக்கு அதன் பெயரே போதும்: 6, 8 முள்ளில் இளஞ்சிவப்பு. சம் சால்மனுக்கு அதையே பெரிதாக, ஊதா கலந்து.

சாக்ஐ தனி வகை. கடலில் மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்ற மீன், பெரிய ஃப்ளையைத் திரும்பிப் பார்ப்பது அரிது. மிகச் சிறிய, மயிர் குறைந்த ஃப்ளை. நெரிசலான ஓட்டத்தில் வாய்க்குள் லைன் நுழைந்து வெளிப்பக்கமாக முள் மாட்டுவது பெரும்பாலும் நடக்கிறது. அதை ‘கடித்தது’ என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். வாய்க்கு வெளியே மாட்டிய மீனை விடவேண்டும் என்று பல இடங்களில் சட்டமே உண்டு.

அட்லாண்டிக் சால்மனுக்குக் கனடாவின் நியூ பிரன்சுவிக்கில் எடை சேர்த்த ஃப்ளை கூடாது. மிராமிச்சி ஆற்றில் பிறந்த பாம்பர் போன்ற மிதக்கும் மான்மயிர் ஃப்ளையும், கிரீன் மெஷின் போன்ற ஈர ஃப்ளையும் (நீருக்குள் வருவது) அங்கே வேர்விட்டதற்கு அந்த ஆற்றின் வெதுவெதுப்பான, ஆழமில்லாத கோடைத் தண்ணீரும் ஒரு காரணம். நியூஃபவுண்ட்லாந்தின் போர்ட்லேண்ட் கிரீக் தந்த உத்தி ஒன்றும் கையில் இருக்கட்டும்: ஃப்ளையை வழக்கம்போல் கட்டிவிட்டு, தலைக்குப் பின்னால் லீடரால் இரண்டு அரைமுடிச்சு போடுங்கள். லீடர் நீங்கள் நிற்கும் கரைப்பக்கமாகப் பிரிய வேண்டும். ஃப்ளை தண்ணீரை V வடிவில் கிழித்துக்கொண்டு வரும். எதிர்ப்பக்கம் போட்டால் மூழ்கிவிடும், அவ்வளவுதான் ரகசியம்.

இண்ட்ரூடரைக் கிட்டத்தில் பார்த்தால்

1990களில் எட் வார்டு உருவாக்கிய இண்ட்ரூடர் இன்று குளிர்கால ஸ்டீல்ஹெட்டின் அடையாளமாகிவிட்டது. இதில் முள்ளும் உடலும் தனித்தனி. 35, 40 மி.மீ. நீளமான வெறும் கம்பித் தண்டில் பின்னால் ஓர் இறகுக் கற்றை, முன்னால் ஒரு கற்றை. நடுவே மெல்லிய உடல். இரண்டு இடத்தில் மட்டும் இறகு விரிவதால் பார்க்கப் பெரிதாக இருக்கும், ஈரம் சொட்டிவிட்டால் வீசுவதற்கு லேசாக இருக்கும். ஆசைப்பட்டு நடுவையும் நிரப்பினால் இரண்டும் கெட்டுவிடும். ஒரு கற்றைக்கு நெருப்புக்கோழி இழை பத்துப் பன்னிரண்டு, மினுக்கு இழை நாலு, அதற்குமேல் வேண்டாம்.

முள் பின்னால் தொங்குவது 30 பவுண்டு பின்னல் நூல் வளையத்தில். நீளமான முள் மீனின் வாயில் நெம்புகோலாகி, அது தலையை உதறும்போது கழன்றுவிடும். குட்டைத் தண்டு 1 அல்லது 2 எண் முள்ளில் அந்தத் தொல்லை இல்லை. முள்ளின் வளைவு பின்னிறகின் நுனிக்கு நேராகவோ அரைவிரற்கடை உள்ளேயோ இருக்கட்டும். வெளியே நீட்டினால் வீசும்போது உடலைச் சுற்றிக்கொள்ளும். அதிகம் உள்ளே இருந்தால் வாலை மட்டும் கடித்துவிட்டுப் போகும். நூல் தளர்ந்து தொங்கினால் வளையத்தின் அடியில் சிறு துண்டு பிளாஸ்டிக் குழாயைச் செருகி நிமிர்த்துங்கள். முள் முனை மேல்நோக்கி இருந்தால் கல்லில் சிக்குவது குறையும். முனை மழுங்கினால் வளையத்தைத் தளர்த்தி முள்ளை மட்டும் மாற்றலாம்.

சினை, நிம்ஃப், தக்கை

சால்மன் முட்டையிடும் பருவத்தில் அதற்குக் கீழே நிற்கும் ஸ்டீல்ஹெட் நிஜமாகவே தின்னும். அப்போது நகலெடுப்பு வேலை செய்யும். நியூயார்க்கின் சால்மன் ஆறு, மிச்சிகனின் பியர் மார்கெட் போன்ற பேரேரி ஆறுகளில் இதுதான் அன்றாடம்: 10 முதல் 14 முள்ளில் குளோ பக் (சினை போன்ற ஃப்ளை), கறுப்பு ஸ்டோன்ஃப்ளை நிம்ஃப் (நீர்ப்பூச்சியின் இளம்பருவம் போன்றது) 6 முதல் 10.

ஃப்ளைக்குப் பதில் சினை போன்ற மணி பயன்படுத்தினால் 6, 8, 10 மி.மீ. போதும், சாக்ஐ சினை சிறியது, சினூக் சினை பெரியது. புதுச் சினை தெளிந்த ஆரஞ்சு, நாள்பட்டது வெளிறிப் பால்போலாகும். முட்டையிடல் தொடங்கிச் சில வாரம் ஆகிவிட்டால் வெளிறிய மணியே மேல். அலாஸ்காவில் மணியை முள்ளிலிருந்து 2 அங்குலத்துக்குள் நிறுத்த வேண்டும் அல்லது தாராளமாக ஓடவிட வேண்டும். தூரமாக நிறுத்தினால் முள் வாயில் மாட்டாமல் முகத்துக்கு வெளியே மாட்டும்.

தக்கையிலிருந்து ஃப்ளைக்கு, ஆழத்தைப்போல ஒன்றரை மடங்கு நீளம். தண்ணீர் நுரையைவிடத் தக்கை கொஞ்சம் மெதுவாகப் போகிறதா பாருங்கள். போனால் ஃப்ளை அடிமட்டத்து மெதுவான ஓட்டத்தில் இருக்கிறது. நுரையோடு சேர்ந்து ஓடினால் எடை போதாது. சுத்தமாக, வெளிறித் தெரியும் சரளைத் திட்டுகள் முட்டைக்குழிகள். அதன்மேல் நடக்கவும் வேண்டாம், அதில் நிற்கும் மீனைத் தொடவும் வேண்டாம்.

பெட்டியில் எவ்வளவு?

பதினைந்துக்குள் போதும், ஆனால் ஒரே மாதிரியை வெவ்வேறு எடையில். குளிர்காலத்துக்கு: கறுப்பு-நீல இண்ட்ரூடர், இளஞ்சிவப்பு-ஆரஞ்சு ஒன்று, ஊதா ஒன்று, ஒவ்வொன்றும் எடையோடும் எடையில்லாமலும். கோடைக்கு 4, 6, 8 முள்ளில் கிரீன் பட் ஸ்கங்க், 1930களில் டான் கேப்பன் கட்டிய மட்லர் மின்னோ, மிதக்கும் ஃப்ளை இரண்டு. எடுத்துச் செல்லும் முன் அந்த ஆற்றின் இந்த ஆண்டு விதிகளைப் படியுங்கள். பிரிட்டிஷ் கொலம்பியா ஆறுகளில் ஒற்றை முள்தான், அதுவும் பார்ப் (முள் முனைக்குப் பின்னுள்ள எதிர்முள்) இல்லாமல். பார்ப் இருந்தால் இடுக்கியால் நசுக்கிவிடலாம். முனையை நகத்தில் சாய்த்து வையுங்கள். வழுக்கினால் தீட்ட வேண்டும்.

பத்து வீச்சுக்கு ஒருமுறை ஃப்ளையை மாற்றுவதால் பயனில்லை. மடுவை முழுதாக ஒருமுறை கடந்து முடியுங்கள். முதல் கடப்பில் மேலோட்டமாக, சிறிதாக. ஒன்றும் நடக்கவில்லையென்றால் திரும்ப மடுவின் மேல்முனைக்குப் போய் இரண்டாவது முறை ஆழமாக, பெரிதாக. நிறம் மாற்றுவது மூன்றாவது கடப்பில், அதுவும் அந்த மடுவில் மீன் இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும்.

தொட்டுவிட்டுப் போன மீன்

ஃப்ளை குறுக்கே வரும்போது ஒரு இழுப்பு, பிறகு வெறுமை. உடனே தூண்டிலைத் தூக்கி வெட்டி இழுக்க வேண்டாம். மீன் திரும்பி எடை தெரியும்வரை லைன் நழுவட்டும். மாட்டவில்லையென்றால் நின்ற இடத்தைவிட்டு ஓரடிகூட நகராதீர்கள், லைன் நீளத்தையும் மாற்றாதீர்கள். ஒரு நிமிடம் பொறுத்து அதே ஃப்ளையை அதே நீளத்தில் ஒருமுறை வீசுங்கள். வரவில்லையென்றால் இரண்டு எண் சிறிய, இருண்ட ஃப்ளையைக் கட்டி அதே இடத்துக்கு மறுபடி. மேற்பரப்பில் எழுந்து தவறவிட்ட மீனுக்கு 8 எண் கறுப்பு ஈர ஃப்ளைதான் பெரும்பாலும் பதில். அதற்கும் வரவில்லையென்றால் பத்தடி மேலே ஏறி, பெரிய ஃப்ளையோடு மெதுவாக இறங்கி வாருங்கள். மீன் தொட்ட அதே இடத்துக்கு ஃப்ளை வரும்போது தூண்டிலை இறுகப் பிடிக்க வேண்டாம்.